அமாவாசையன்று வராத தலைவலி

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் துணி தேய்த்துக் கொடுக்கிறவர் அவர். வயது 46. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, மனைவியோடு என் கிளினிக்குக்கு வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ஆறு மாத ரிப்போர்ட்டுகள், மழையில் நனையாமல் இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள்.

"ரத்தம் கூடுதலா ஊறுதாம் டாக்டரம்மா. ரெண்டு தடவை எடுத்துக் கொட்டியாச்சு. மறுபடியும் ஊறிடுது" என்றார்.

ரத்தம் போதவில்லை என்று வருகிறவர்களைப் பார்த்தே பழகியவள் நான். இவருடைய ஹீமோகுளோபின் 19.1. ஆணுக்கு 16.5-ஐத் தாண்டினாலே ஏன் என்று கேட்க வேண்டும். நூறு பங்கு ரத்தத்தில் 57 பங்கு சிவப்பணு. ரத்தம் இவ்வளவு கெட்டியானால் மூளையிலும் இதயத்திலும் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்த பயத்தில்தான் வேறொரு மருத்துவமனையில் இரண்டு முறை 350 மில்லி ரத்தத்தை வெளியே எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இறங்கி, சில வாரங்களில் பழைய இடத்துக்கே வந்து நின்றிருக்கிறது.

முகம் கருஞ்சிவப்பு. கண் வெள்ளையில் நரம்பு ஓடியிருந்தது. சாயங்காலமானால் தலைவலி, மண்டை கனம், சில நாள் குமட்டல். பீடி, சிகரெட் கிடையாது. மண்ணீரல் வீங்கவில்லை. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்டியது. நுரையீரல் படமும் சுத்தம்.

இருவரிடமும் ஒப்புதல் வாங்கித்தான் இதை எழுதுகிறேன். அடையாளங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

ஊறும் கிணறா, ஊறச் சொல்லும் ஆளா

சிவப்பணு கூடினால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எலும்பு மஜ்ஜை தன்னிச்சையாகப் பெருக்குகிறதா, அல்லது யாரோ உத்தரவு போட்டு அது கீழ்ப்படிகிறதா? தன்னிச்சையாகப் பெருக்கும் நோயில் பெரும்பாலும் ஜாக்2 என்ற மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை இருக்கும். 2005-ல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பிழை, அந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தினரிடம் இருக்கிறது. இவருக்கு அது இல்லை. வெள்ளணுவும் தட்டணுவும் அளவாகவே இருந்தன.

உத்தரவு என்பது எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன். சிறுநீரகம் அனுப்புகிறது, மஜ்ஜை அதைப் படித்துச் சிவப்பணு செய்கிறது. ஹீமோகுளோபின் 19 இருக்கிற உடம்பில் இந்த உத்தரவு அடங்கிப்போயிருக்க வேண்டும். இவருக்கு 34 இருந்தது. அந்த ஆய்வகத்தின் மேல்வரம்பே 29. நிறைந்து வழிகிற கண்மாய்க்கு யாரோ இன்னும் மடையைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆக, மஜ்ஜை மேல் குற்றமில்லை. சிறுநீரகம் எதையோ பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறது. அது என்ன என்பதுதான் கேள்வி.

சேங்கொட்டை மை

மலை ஏறினால் ரத்தம் கெட்டியாகும் என்பது பழைய சேதி. 1890-ல் பிரான்சுவா வியோ என்ற பிரெஞ்சு மருத்துவர், பெரு நாட்டில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மொரொகோச்சா சுரங்க ஊருக்குப் போனவர், தன் ரத்தத்திலேயே சிவப்பணு கூடியதை எண்ணிப் பார்த்தார். அந்த உத்தரவுக்குரிய ஹார்மோனைத் தூய்மையாகப் பிரிக்க 1977 வரை ஆனது. யூஜின் கோல்ட்வாசர் குழுவினர் ஜப்பானிய ரத்தசோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம் எடுத்தார்கள்.

ஆனால் உயிரணு ஆக்சிஜன் குறைந்ததை எப்படி அறிகிறது? இதை அவருக்கு விளக்க நான் படாத பாடு பட்டேன். கடைசியில் அவர் தொழிலே கைகொடுத்தது. அவருடைய அப்பா துணி வெளுத்தவர். யார் வீட்டுத் துணி என்று தெரிய, சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் சலவைக் குறி போடுவார். எத்தனை வெளுப்புக்கும் போகாது.

உயிரணுவுக்குள்ளும் ஒரு குறி போடும் வேலை ஓயாமல் நடக்கிறது. ஹிஃப் ஆல்ஃபா என்று ஒரு புரதம். உயிரணு அதை எந்நேரமும் செய்துகொண்டே இருக்கிறது. செய்த சில நிமிடங்களில் அழித்தும் விடுகிறது. அழிக்க வேண்டிய துணி எது என்று தெரிய அதன் மேல் குறி வேண்டும். குறி போடுகிறவர் புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி. மை என்ன தெரியுமா? ஆக்சிஜனேதான். ஆக்சிஜன் மூலக்கூறின் ஓர் அணுவை எடுத்து ஹிஃப் புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் பதிக்கிறது. இன்னோர் அணு பக்கத்தில் நிற்கும் ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் என்ற துணை மூலக்கூறுக்குப் போகிறது. இந்த நொதிக்கு இரும்பும் வேண்டும், வைட்டமின் சி-யும் துணை செய்யும். குறி விழுந்ததும் வி.ஹெச்.எல். என்ற புரதம் அதைப் படித்து, யூபிகுவிட்டின் சீட்டு ஒட்டி, அரவைக்கு அனுப்பிவிடும்.

ஆக்சிஜன் குறைந்தால் மை தீர்ந்துபோகிறது. குறி இல்லாத துணியை யாரும் எடுத்துப் போவதில்லை. ஹிஃப் குவிகிறது. எப்போதும் தயாராகக் காத்திருக்கும் ஹிஃப் பீட்டா என்ற கூட்டாளிப் புரதத்தோடு சேர்ந்து உயிரணுவின் உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் ஏ-சி-ஜி-டி-ஜி போன்ற ஒரு சிறு எழுத்துக் கோவை இருக்கும் இடங்களில் உட்கார்கிறது. உட்கார்ந்த இடத்து மரபணு முழிக்கிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இப்படி: புது ரத்தக்குழாய் முளைக்கச் செய்வது ஒன்று, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்க வைப்பது இன்னொன்று, குடலில் இரும்பை அதிகம் இழுக்க வைப்பது மற்றொன்று. சிறுநீரகத்தில் எரித்ரோபாய்டின் மரபணுவை எழுப்புவது முக்கியமாக ஹிஃப் ஆல்ஃபாவின் ஒரு வகையான ஹிஃப்-2 ஆல்ஃபா.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ செய்யறதும் அழிக்கிறதுமா தினம் வீண் வேலைதானே டாக்டரம்மா?" என்றார். நல்ல கேள்வி. வீண் இல்லை. தேவை வந்த பிறகு செய்ய ஆரம்பித்தால் நேரமாகும். செய்துகொண்டே இருந்து, அழிப்பதை மட்டும் நிறுத்தினால் சில நிமிடங்களிலேயே ஆள் தயார். மூச்சு முட்டுகிற உடம்பு காத்திருக்க முடியாது.

ஹிஃப் புரதத்தைத் தேடிக் கண்டவர் கிரெக் செமென்ஸா. குறி போடும் ரகசியத்தை 2001-ல் வில்லியம் கேலின் குழுவும் பீட்டர் ராட்கிளிஃப் குழுவும் தனித்தனியே வெளியிட்டன. மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. கேலின் இதற்கு வந்த வழி புற்றுநோய் வழி: வி.ஹெச்.எல். பழுதாகப் பிறந்தவர்களுக்குச் சிறுநீரகத்திலும் கண்ணிலும் ரத்தக்குழாய் மண்டிய கட்டிகள் வரும். குறியைப் படிக்க ஆளில்லாததால், ஆக்சிஜன் நிறைய இருந்தும் உயிரணு இல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

சிறுநீரகம் ஏன் இந்தக் காவலுக்கு நின்றது என்பதும் அழகான விஷயம். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வருகிறது. ரத்த ஓட்டம் குறைந்தால் அதன் வேலையும் குறைந்து, ஆக்சிஜன் செலவும் குறைந்துவிடும். அதனால் ஓட்டத்தின் ஏற்ற இறக்கம் அதைக் குழப்புவதில்லை. ரத்தம் உண்மையில் எவ்வளவு ஆக்சிஜனை இறக்கிவைக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது. தேவை கூடக்கூட ஒரே உயிரணு அதிகமாகக் கத்துவதில்லை. இன்னும் பல உயிரணுக்கள் சேர்ந்துகொள்கின்றன. கார்த்திகைக்கு வளவு முழுக்க ஒவ்வொரு அகலாக ஏற்றுவது போல.

நான் தவறவிட்ட இடம்

சரி, சிறுநீரகம் ஏன் கூப்பிடுகிறது? நுரையீரல் நோய் இல்லை. இதயத்தில் ஓட்டை இல்லை. குறட்டை இல்லை, இரவு முழுக்க விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்ததிலும் குறையவில்லை. வயிற்று ஸ்கேனில் சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ கட்டி இல்லை. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 94. நல்ல அளவு.

அடுத்த முறை வந்தபோது மனைவியின் ரத்தத்தையும் பார்த்தேன். அவரும் தலைவலி என்றார், அதனால்தான். 16.6. பெண்ணுக்கு 16-க்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் வீட்டு வேலையும் கடை வேலையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு 16.6 வந்து நான் பார்த்ததே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமாண்ணே?"

"அத்தை மகதான்."

அங்கேதான் வழி மாறினேன். ரத்தச் சொந்தமுள்ள இருவருக்கும் ஹீமோகுளோபின் கூடுதல், எரித்ரோபாய்டின் அடங்கவில்லை. மை இருந்தும் குறி போடத் தெரியாத நொதி, குறி இருந்தும் படிக்காத வி.ஹெச்.எல்., எளிதில் அழியாத ஹிஃப்-2 ஆல்ஃபா என மூன்றுக்கும் பரம்பரைப் பிழைகள் உண்டு. ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரைச் சுவாஷியாவில் வி.ஹெச்.எல்.-ன் 200-வது அமினோ அமிலம் மாறிய குடும்பங்கள் பல உள்ளன. சமவெளியில் வாழ்ந்தும் மலை உச்சியில் இருப்பது போல அவர்கள் ரத்தம் ஊறும். இதற்கு நேரெதிர் திபெத்தியர்கள். ஹிஃப்-2 ஆல்ஃபா மரபணுவின் ஒரு வடிவம் அவர்களிடம் பரவலாக இருப்பதால், 4,000 மீட்டரிலும் அவர்கள் ரத்தம் அளவோடு நிற்கிறது. அந்த வடிவம் அழிந்துபோன டெனிசோவன் மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014-ல் தெரிந்தது.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டு, மரபணுப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தேன். அவர்களுடைய பல நாள் வருமானம் அது. எழுதுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டியதை அந்த அக்காதான் சொன்னார்: "அமாவாசைக்கு மட்டும் எங்களுக்கு வலிக்காது டாக்டர். அன்னிக்கு விரதம், கோயிலுக்குப் போறோம்ல."

"அமாவாசைக்குக் கடை உண்டா அக்கா?"

"கிடையாது. லீவு."

பேனாவை மூடினேன். பிறகு பழைய சீட்டுகளைக் கேட்டேன். நான்கு வருடத்துக்கு முன் குடலிறக்க அறுவை செய்தபோது அவருக்கு 15. மூன்று வருடத்துக்கு முன் மகளிர் குழு முகாமில் அந்த அக்காவுக்கு 12.4. பிறவிப் பிழை என்றால் நாற்பது வயது வரை காத்திருக்காது. தேவகோட்டையில் இருக்கும் அவருடைய தம்பிக்கும் எடுத்துப் பார்த்தோம், அளவாகவே இருந்தது. இந்த மூன்றையும் முதல் நாளே கேட்டிருக்கலாம். இருவரும் சொந்தம் என்று கேட்டதும் என் கண்ணுக்கு மரபு மட்டும் தெரிந்தது. அவர்கள் ஒரே காற்றையும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பது தெரியவில்லை.

எட்டுக்குப் பத்து அறை

மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கடைக்குப் போனேன். இருபது வருடமாக அவர் ஒரு பெரிய வீட்டு முகப்புத் திண்ணையில் தேய்த்தவர். வீட்டுக்காரர்கள் வெளியூரில், திண்ணை சும்மாதான் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த வீட்டைப் புதுப்பித்துச் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக்கினார்கள். திண்ணை போயிற்று, ஆனால் வேலை கூடிற்று: விடுதியின் படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் இவரிடம்தான். தெருக்கோடியில் எட்டடிக்குப் பத்தடி கான்கிரீட் அறை வாடகைக்குக் கிடைத்தது. ஜன்னல் இல்லை. ஒரே ஷட்டர். மழைச்சாரல் வெள்ளை வேட்டியில் அடிக்கும், காற்று சாம்பலைப் பறக்கவிடும் என்று அதையும் இடுப்பளவுக்கு இறக்கி வைத்திருந்தார்கள்.

உள்ளே மூன்று இரும்புப் பெட்டிகள் மாறி மாறி ஓடின. மூலையில் ஒரு சட்டி நிறையக் கொட்டாங்கச்சிக் கரி, அணையாமல் கங்காகக் கிடந்தது. அந்த அக்கா இடுக்கியால் கங்கை எடுத்துப் பெட்டிக்குள் போட, அவர் கொக்கியை மாட்டி, பெட்டியை இரண்டு ஆட்டு ஆட்டி, அடிப்பாகத்தை ஈரத்துணியில் ஒரு இழுப்பு இழுத்துச் சூடு பார்த்தார். கஞ்சி போட்ட வேட்டி, பெட்டி போன பாதையெல்லாம் கண்ணாடி மாதிரி நிமிர்ந்தது. கை அசைவில் இருபது வருடம் தெரிந்தது.

"புகையே இல்லைங்களே டாக்டரம்மா, பாருங்க. விறகு அடுப்பா என்ன?"

உண்மை. புகை இல்லை, வாசனை இல்லை, கண் எரியவில்லை. நன்றாகக் கனன்ற கரி அப்படித்தான். காற்று போதாத அறையில் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அரை மணி நேரத்தில் எனக்கே நெற்றி கனத்தது. அது வாயுவா, எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்திருந்த மனமா, சொல்ல முடியாது. ஷட்டரை முழுக்க ஏற்றி, இருவரையும் தெருவுக்குக் கூட்டி வந்து, நின்ற நிலையிலேயே ரத்தம் எடுத்து ஐஸில் வைத்தேன். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்டு இறுக மூடி வைத்த குழாயில் கார்பன் மோனாக்சைடு கணக்கு மாறாது. கடைசி பஸ்ஸில் மதுரைக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

அவருக்குக் கார்பாக்சி ஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு பற்றிக்கொண்ட ஹீமோகுளோபின், 17.4 சதவீதம். அந்த அக்காவுக்கு 11. புகைக்காதவருக்கு 2-க்குள் இருக்க வேண்டியது.

எல்லோரும் ஏமாந்தார்கள், சிறுநீரகத்தைத் தவிர

கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றும். அதோடு விடாது. தொற்றாத மிச்ச இடங்களில் ஏறிய ஆக்சிஜனையும் திசுக்களில் இறக்கவிடாமல் பிடித்துவைக்கச் செய்யும். வண்டி நிறைய மூட்டை போகிறது, சந்தையில் இறங்குவதில்லை.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இரண்டு ஒளியலைகளை மட்டும் பார்க்கிறது. கார்பாக்சி ஹீமோகுளோபினும் சிவப்பு ஒளியில் ஆக்சிஜன் ஏறியது போலவே தெரியும். ஆகவே 98. தமனி ரத்தப் பரிசோதனை கரைந்த ஆக்சிஜனின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. நுரையீரல் நன்றாக இருப்பதால் அதுவும் 94. கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது, கரோட்டிட் பாடி. ஆக்சிஜன் குறைந்தால் நொடிகளில் மூச்சை வேகமாக்க வேண்டியது அது. அதுவும் அழுத்தத்தையே பார்ப்பதால் பேசாமல் இருந்துவிடும். மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்தவர்கள் மூச்சு முட்டாமலே தூக்கத்தில் போய்விடுவது இதனால்தான்.

சிறுநீரகத்தின் அந்தச் சில உயிரணுக்கள் மட்டும் ஏமாறவில்லை. அவற்றுக்குக் கருவியும் தெரியாது, அழுத்தமும் தெரியாது. தன் வாசலில் இறங்கிய ஆக்சிஜன் குறி போடப் போதுமா என்பது மட்டும் தெரியும். போதவில்லை. ஹிஃப் குவிந்தது, மரபணு முழித்தது, மஜ்ஜைக்கு உத்தரவு போனது. ஆறு மாதமாக அந்த உத்தரவுதான் இந்த உடம்பில் உண்மை பேசிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் விளைவை ஊசி போட்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். முன்பு அழுத்தம் 94 என்று காட்டிய அந்தத் தமனி ரத்தப் பரிசோதனைத் தாளின் ஒரு மூலையில் கார்பாக்சி ஹீமோகுளோபின் 2.6 என்று அச்சாகியிருந்தது. நான் பார்த்தேன், சற்றே கூடுதல்தானே என்று கடந்துபோனேன். அந்த ரத்தம் எடுத்தது காலை பத்து மணிக்கு. முந்தைய இரவு எட்டு மணிக்குக் கடையை அடைத்தவர். சாதாரணக் காற்றில் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த அளவு பாதியாகும். 17 என்பது பதினான்கு மணி நேரத்தில் இரண்டரைக்கு இறங்கியிருந்ததில் அதிசயமே இல்லை. ரத்தப் பரிசோதனை என்றால் காலையில் வெறும் வயிறு என்ற நம் பழக்கம் இங்கே தடயத்தை அழித்துவிட்டது.

பிறகு

அன்று இரவு இருவருக்கும் முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்தேன். தூய ஆக்சிஜனில் அந்தப் பாதியாகும் நேரம் ஒன்றரை மணிக்கும் கீழே வந்துவிடும். தலைவலி விட்டது. ரத்தம் எடுக்கும் வேலையை நிறுத்தினோம்.

மின்சாரப் பெட்டிக்கு மாறச் சொன்னேன். கஞ்சி வேட்டிக்கு அந்தக் கனம் போதாது என்றார், கரண்டு பில்லும் கட்டுப்படியாகாது. அது அவர் தொழில், அவருக்குத்தான் தெரியும். கரியே இருக்கட்டும், கூரைக்குக் கீழே மூடிய சுவர் வேண்டாம் என்று முடிவானது. விடுதிக்காரர்களிடம் பேசினார். அவர்கள் பின்கட்டில் கிணற்றடியை ஒட்டி மூன்று பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். ஷட்டர் அறை இப்போது தேய்த்த துணியை அடுக்கிவைக்க மட்டும். கங்குச் சட்டி அங்கே போகாது.

மூன்று வாரம் கழித்து மாலை ஏழு மணிக்கு எடுத்த கார்பாக்சி ஹீமோகுளோபின் 1.9. ஆறாவது வாரம் எரித்ரோபாய்டின் 5-க்கு விழுந்தது. உத்தரவு நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் மட்டும் மெதுவாகத்தான் இறங்கியது, ஆறாவது வாரம் 17.5. ஏற்கெனவே பிறந்த சிவப்பணு 120 நாள் வாழ்ந்துவிட்டுத்தானே போகும்? நான்காம் மாதம் 15.4. அந்த அக்காவுக்கு 12.9.

இதே பூட்டுக்கு மருத்துவர்கள் சாவி செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எரித்ரோபாய்டின் போதாமல் ரத்தசோகை வரும். குறி போடும் நொதியை மாத்திரையால் தடுத்து, உடம்பை மலை மேல் இருப்பதாக நம்பவைத்தால் உத்தரவு கூடுகிறது. ரோக்சாடுஸ்டாட் சீனாவில் 2018-ல் வந்தது. நம் நாட்டில் டெசிடுஸ்டாட் 2022-ல் அனுமதி பெற்றது. மறுபக்கம், வி.ஹெச்.எல். கட்டிகளுக்கு ஹிஃப்-2 ஆல்ஃபாவையே அடைக்கும் பெல்சுட்டிஃபான் 2021-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. நான் டயாலிசிஸுக்கு அனுப்பிவைக்கிற நோயாளிகளுக்கு டெசிடுஸ்டாட் மாத்திரையை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கங்குச் சட்டி ஞாபகம் வருகிறது. அது செய்ததை இது அளந்து செய்கிறது.

கடைசியாக வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். திண்ணையில் இருந்த காலத்தில் வருடம் இரண்டு முறை முகாமில் ரத்ததானம் செய்தவர் அவர். "என் ரத்தம் இப்போ நல்ல ரத்தம்தானே? மறுபடியும் குடுக்கலாமா?"

உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தேன், 14. ஊற்றிய ரத்தத்தோடு இரும்பும் போயிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, "இரும்பு முதல்ல ஏறட்டும்ண்ணே, ஆடி கழிச்சுப் பார்ப்போம்" என்றேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையில் மடிப்பு கத்தி போல நின்றது.